கீழாநெல்லியும் ஜெகனின் மீசையும்

கஞ்சாவை விட்டவர்கள் சொல்லும் கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். பெண்டாட்டி அழுதாள், பிள்ளை முகத்தைப் பார்த்தேன், சாமி கனவில் வந்தது என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் வன்மத்தில் விட்டேன். ஒருவன் மூஞ்சியில் கரி பூச வேண்டும் என்று விட்டேன். விட்டதும் உடம்பு என்னைப் போட்டுப் புரட்டியது. பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தப் பதினேழு நாளும் எனக்குத் தெம்பு கொடுத்தது குளுக்கோஸ் இல்லை, ஜெகன் மேல் இருந்த கோபம்தான். விட நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ளட்டும். ஜெகன் படித்தால் இன்னும் நல்லது.

என் பெயர் தனபால். வீடு, தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் மர்பி டவுனில். தொழில் சீரியல் செட். திருவிழாவில் மூங்கில் சாரம் கட்டி, அதன்மேல் மரச்சட்டத்தில் ஆயிரக்கணக்கான கலர் பல்புகளால் சாமி உருவம் எரியுமே, மயில் தோகை விரிக்குமே, அந்த வேலை. பல்பு எரிவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அசைவது போலக் காட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. ஒரு மர உருளையில் தகரத் தகடுகளை வெட்டி அடிக்க வேண்டும். மோட்டார் உருளையைச் சுற்றும். தகடு வந்து செம்புப் பட்டையைத் தொடும்போது ஒரு வரிசை எரியும், தாண்டிப் போனால் அணையும். எந்தத் தகடு எங்கே, எத்தனை நீளம் என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் உண்டு. நான் கண்ணால் பார்த்தே அடிப்பேன்.

ஜெகன் என் கூட்டாளி. ஒன்பது வருஷம். அவன் கமிட்டிக்காரர்களிடம் பேசி ஆர்டர் பிடிப்பான், நான் உருவம் வரைந்து உருளை அடிப்பேன். நான் ஏணி ஏறினால் கீழே பிடிப்பவன் அவன்தான், வேறு யாரையும் விடமாட்டான். கஞ்சா இழுக்கிற மண்குழாய், சிலிம், அதை எனக்கு முதலில் கையில் கொடுத்தவனும் அவன்தான். அல்சூரில் எங்கள் ஷெட்டில் காலையில் வேலைக்கு முன் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. “சாராயம்தான் மச்சி ஒடம்பப் புடிக்கும். இது எலைடா. கீரை மாதிரி,” என்பான். நானும் ஒன்பது வருஷம் கீரை என்றே நம்பினேன்.

மாசி மாதம் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் எங்கள் செட். அம்மன் முகம், இரண்டு கண்களும் ஒன்றாக மூடித் திறக்க வேண்டும். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இழுத்திருந்தேன். உருளையில் ஒரு தகட்டை அரை விரல் தள்ளி அடித்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் இடது கண் நிலையாக எரிந்தது, வலது கண் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. இருபத்தைந்து அடி உயரத்திலிருந்து மாரியம்மன், கற்பூரத் தட்டோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கமிட்டித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். ஜெகன் அவர் முன்னால் கைகட்டி நின்று, ஊர் கேட்கச் சொன்னான்: “மன்னிச்சிக்கோங்க சார். பையன் இன்னிக்கி பொகை போடாம வந்துட்டான் போல. பொகை இல்லன்னா அவன் கைக்கு வேலையே வராது.”

கூட்டம் சிரித்தது. என் மனைவி கலா தட்டோடு அங்கேதான் நின்றாள். நான் உருளையைச் சரி செய்துவிட்டு ஜெனரேட்டர் பக்கம் போனேன். ஜெகன் பின்னாலேயே வந்தான். “இன்னாடா மொறைக்கிற? வேணும்னா விட்டுப் பாரு. மூணு நாள் தாங்க மாட்ட. நாலாம் நாள் என் காலாண்ட வந்து விழுவ.”

வீட்டுக்குப் போய்ச் சிலிமைச் சாக்கடைக் கல்லில் போட்டு உடைத்தேன். விட்டுவிட்டேன் என்று கலாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஷெட்டுக்கும் போகவில்லை.

முதல் நாள் நன்றாகவே இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா அந்தப் பேச்சு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் குழாயடியில் குடம் வைத்த சத்தத்துக்கு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டம்மாவிடம் சண்டை போட்டேன். ரசத்தில் உப்பில்லை என்று தட்டை வீசினேன். உப்பு இருந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. வேர்த்த வேர்வையில் பாய் ஈரமாகி, கலா அதை வெயிலில் காயப்போட்டாள். மூன்றாம் நாள் சோற்று வாசனை வந்தாலே குமட்டியது. வயிற்றைப் பிடித்து முறுக்கியது. நாலாம் நாள் குளிரில் பல் தந்தியடித்தது, ஆனால் ஜூரம் பெரிதாக இல்லை. கை நடுங்கியது. தண்ணீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் என்று அவன் சொன்னான் அல்லவா? எனக்கு ஒரே முடிவுதான் தோன்றியது. ஜெகன் செய்வினை வைத்துவிட்டான். வாசற்படிக்குக் கீழே எலுமிச்சம்பழம் புதைத்திருப்பான் என்று கடப்பாறையை எடுத்துப் படிக்கல்லைப் பெயர்த்தேன். எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை, தெருக்குழாய்ப் பைப்புதான் உடைந்தது. அதற்கு மேல் கலா பொறுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஜெகன் வந்தால் கிட்டவே விடாதே என்று ஆட்டோவிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

அங்கே சீட்டு எழுதுகிற டாக்டர் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். “கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் கலா. “குடிக்க மாட்டாரு. பீடிகூட தொட மாட்டாரு. தங்கமான மனுஷன்.”

நானும் தலையாட்டினேன். பொய் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் கெட்ட பழக்கம் என்றால் குடி. குடித்துவிட்டுத் தெருவில் விழுவது, பெண்டாட்டியை அடிப்பது. கஞ்சாவை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சாமியார்கள் பிடிப்பது, சிவராத்திரிக்குப் பிடிப்பது, பிடித்தவன் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்திருப்பான். டாக்டர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து நாள் என்னைக் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மலேரியாவுக்கு விரல் நுனியில் ரத்தம். டைபாய்டுக்குக் கை நரம்பில் ரத்தம். காமாலையா என்று பார்க்க இன்னொரு தரம். அதில் பிலிருபின் என்று ஒன்று பார்ப்பார்களாம். ரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் சாயம் அது, ஈரல் ஒழுங்காக வேலை செய்தால் அதை வெளியே தள்ளிவிடும், ஈரல் கெட்டால் அது தங்கிக் கண்ணில் மஞ்சள் தட்டும். தைராய்டுக்கு ஒரு சோதனை. வயிற்றுக்கு ஸ்கேன். ஸ்கேன் வெளியே எடுக்கச் சொன்னார்கள். போய்விட்டு வந்தபோது கலாவின் காது வெறுமையாக இருந்தது. தோடு எங்கே என்று நான் கேட்கவில்லை. ஜெகனை மனசுக்குள் திட்டினேன்.

முதல் நாள் பார்த்த ஒரு டாக்டர், காமாலையாக இருக்கலாம் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தார். கலா அதைப் பிடித்துக்கொண்டாள். மர்பி டவுனில் கேட்டவர்களுக்கெல்லாம் காமாலை என்று சொல்லிவிட்டாள். சோதனையில் காமாலை இல்லை என்று வந்த பிறகும் அவள் தன் பேச்சை மாற்றவில்லை. அதனால் தினமும் காலையில் எனக்கு ஒரு தம்ளர் வந்தது. கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிய பச்சைத் தண்ணீர். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு.

“இது யார் குடுத்தது?”

“தெரிஞ்சவங்க பறிச்சி குடுத்தாங்க. பேசாம குடி.”

என் மாமியாராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த மனுஷி பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகிறவள். எல்லாச் சோறும் குமட்டிய அந்த நாட்களில் அந்தக் கசப்பு மட்டும் வயிற்றில் தங்கியது. ஒரு நாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குடுத்தவங்க குடும்பம் நல்லா இருக்கணும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

வார்டில் என் கட்டில் கடைசியில் இருந்தது. தூக்கம் இரண்டு மணி நேரம் வந்தால் அதிகம். வந்தாலும் அந்தத் தூக்கம் ஒரு தண்டனை. ஒன்பது வருஷமாகக் கனவே கண்டதில்லை நான். இப்போது கண்ணை மூடினால் போதும். ஷெட்டில் ஜெகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிலிமைத் துணியால் சுற்றி என்னிடம் நீட்டுவான். நான் வாங்குவேன். வாயில் வைக்கும்போது விழிப்பு வரும். மூக்கில் அந்த வாசனை அப்படியே இருக்கும். கனவில்கூட வாங்கிவிட்டேனே என்ற அவமானத்தில் கட்டில் கம்பியைக் குத்துவேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, “இன்னா நைனா, பேஜாரா கீதா?” என்பார். அவருக்குச் சிறுநீரகக் கல். தன் வலியோடு என் வலியையும் விசாரித்தார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

ஆறாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். மனநோய்ப் பிரிவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மண்டியா பக்கம் ஊர், கன்னடம் கலந்த தமிழ். கேஸ் பேப்பரைப் புரட்டிப் பார்த்தவர், அதை மூடிவிட்டு என் வலது கையைப் பிடித்து விரித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. சிலிமைப் பிடிக்கிற இடம் அது.

“ஏனப்பா இது? பீடி பிடிச்சா இங்க காய்க்காது. எத்தனை வருஷம்?”

“ஒம்போது,” என்றேன்.

“விட்டு எத்தனை நாள் ஆச்சு?”

“பத்து நாள் மேடம்.”

கலா பதறிப்போனாள். “விட்டியா? எப்ப வுட்ட? என்கிட்ட சொல்லவே இல்லயே!” பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, “கெட்ட பழக்கம் இருக்கான்னுதான கேட்டாங்க. இது சாமி சமாச்சாரம்தான மேடம்? போலீஸ் கேஸ் ஆயிடுமா?” என்றாள்.

“நான் டாக்டர்மா, போலீஸ் அல்ல,” என்றார் அவர். சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தூக்கம், பசி, கோபத்தை அடக்குவது எல்லாவற்றுக்கும் மூளைக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். ஒன்பது வருஷம் தினமும் மூன்று வேளை வெளியிலிருந்து புகை வந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டதால், உள்ளே இருந்த ஏற்பாடு சோம்பிவிட்டது. திடீரென்று புகை நின்றதும் எல்லாம் தாறுமாறாகிறது. வேர்வை, குளிர், நடுக்கம், வயிற்று வலி, எரிச்சல், எல்லாம் அதனால்தான். புகை இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்த கனவுகள் மொத்தமாகக் கிளம்பி வருகின்றன. “புத்தகத்துல இதைப் பத்தி ஜாஸ்தி எழுதல. இதுக்கு வித்ட்ராயல், விட்டதால வர்ற தொந்தரவு, வராதுன்னு சொல்ற டாக்டருங்களும் உண்டு. நான் நிறைய பேரைப் பார்த்திட்டேன். முதல் வாரம்தான் மோசம். ரெண்டு மூணு வாரத்துல இறங்கும். தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது.”

இதற்கென்று தனி மருந்து இல்லை என்றார். நாலைந்து நாளைக்கு மட்டும் ஒரு தூக்க மாத்திரை, நிறையத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, வெந்நீர்க் குளியல், காலையும் மாலையும் வராந்தாவில் நடை. உடம்பு இவ்வளவு இளைத்துப்போனதால் இன்னும் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். செய்வினை இல்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜெகன் மேல் இருந்த குற்றங்களில் ஒன்று குறைந்துவிட்டதே.

“எதுக்கு விட்டீங்க?” என்று கடைசியாகக் கேட்டார்.

“ஒருத்தன் மூஞ்சில கரி பூச.”

“பரவால்ல. எதுவா இருந்தாலும் இப்போதைக்கு நல்லதுதான்.” எழுந்தவர் நின்று, “ஆனா அவர் வந்து மன்னிப்பு கேட்டுட்டா? அப்புறம் எதை வெச்சு தாங்குவீங்க?” என்றார்.

“கேக்க மாட்டான் மேடம். அவன் அப்டிப்பட்ட ஆளு இல்ல,” என்றேன். அடித்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு நோய் என்ன என்று தெரிந்துவிட்டதால், பழிவாங்குவதைப் பற்றி ஒழுங்காக யோசிக்க முடிந்தது. முதலில் அவனை ஆள் வைத்து அடிப்பதாக யோசித்தேன். ஷெட்டில் இருக்கும் பல்புகளையெல்லாம் உடைப்பதாக யோசித்தேன். நான் என் கையால் கலர்ச் சாயத்தில் முக்கி எடுத்த பல்புகள் அவை, மனசு வரவில்லை. ஸ்கேன் எடுத்த கவரின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது.

சித்திரையில் அல்சூரில் பூப்பல்லக்கு. தெருவுக்குத் தெரு பல்லக்கு, தெருவுக்குத் தெரு சீரியல் செட். ஊர் முழுக்க வந்து பார்க்கும். நான் தனியாக ஒரு செட் போடுவேன். மகிஷாசுரனை வதம் செய்யும் அம்மன். அம்மனின் கையில் ஈட்டி. உருளை சுற்றச் சுற்ற ஈட்டி அசுரன் நெஞ்சில் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். அசுரனுக்கு எருமைத் தலை போடமாட்டேன். மனுஷ முகம், ஜெகனின் முகம். அவனுடைய இடது பக்கம் சற்றுத் தொங்கும் மீசை, மேல்வரிசையில் தங்கப்பல்லுக்கு ஒரு மஞ்சள் பல்பு. மூன்று நாள் திருவிழா முழுக்க, ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து தரம் அவன் சாக வேண்டும். புகை இல்லாமல் வேலை வராத கையால் அதை அடிக்க வேண்டும். அவன் வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கவரை ஒரு கன்னடத்து சிஸ்டர் எடுத்துப் பார்த்தார். “யாரப்பா இது?”

“அசுரன் சிஸ்டர்.”

“மீசே சென்னாகிதெ,” என்று மீசையை மெச்சிவிட்டு ஊசியைப் போட்டார்.

ஆனால் கை? அதுதான் என் பயமெல்லாம். உடம்பு தேறினாலும் கை வராவிட்டால் ஜெகன் சொன்னது பலித்ததாகிவிடும். கலாவிடம் ஒரு முழம் செம்பு வயரும் நாலைந்து பல்பு ஹோல்டரும் கொண்டுவரச் சொன்னேன். எட்டாம் நாள் வயரை ஹோல்டர் துளைக்குள் விட முடியவில்லை. நுனி ஆடி ஆடி வெளியே குத்தியது. தூக்கி எறிந்தேன். கலா கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாளும் எறிந்தேன், எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் மதியம் வயர் முதல் தடவையிலேயே உள்ளே போனது. அன்று கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தேன். கலா பக்கத்துக் கட்டில்காரரிடம் போய், “சாப்பிட்டாருண்ணா,” என்று சொல்லிவிட்டு வந்தாள். பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்துக் கிலோ குறைந்திருந்தேன். அரைக்கால் சட்டைக்குக்கூடக் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

ஜெகன் வந்தால் வீட்டுக்குள்ளும் விடாதே என்று கலாவிடம் மறுபடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பக்கத்துத் தெருக் கமிட்டியில் ஆர்டர் பிடித்து, வீட்டின் பின்புறத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். கீழாநெல்லி மட்டும் நிற்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் குடிக்க வேண்டுமாம். நோயே இல்லாதவன் பத்தியம் இருந்தேன். தினமும் மூன்று வேளை, ஷெட்டில் புகை போடும் அதே நேரத்துக்கு, உடம்பு தானாக எழுந்து வாசலைப் பார்க்கும். அப்போதெல்லாம் அந்த மீசையை வரைவேன். பல்பு பல்பாக அந்த மீசையைத் திருத்தினேன். நெற்றியைவிட, கண்ணைவிட, மீசைக்குத்தான் அதிக நாள் செலவிட்டேன்.

பல்லக்குக்கு முதல் நாள் சாயங்காலம் செட்டை ஏற்றிச் சோதனைக்குச் சுவிட்ச் போட்டோம். அம்மன் எரிந்தாள். இரண்டு கண்ணும் ஒன்றாக மூடித் திறந்தன. ஈட்டி இறங்கியது. அசுரன் வாயைத் திறந்தான், தங்கப்பல் மின்னியது. தெருவில் இரண்டு பேர், “டேய், இது ஜெகன்டா!” என்று சிரித்தார்கள். நான் ஏணிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேதி போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெகன் வந்தான். கையில் நியூஸ்பேப்பர் பொட்டலம்.

“தனா! எழுந்து வேலைக்கே வந்துட்டியா? இன்னாடா இப்டி எளச்சிட்ட? ஒடம்பு தேறிடுச்சா?”

நான் மோவாயால் மேலே காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். ஈட்டி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. இதற்காகத்தான் இரண்டு மாதம் பல்லைக் கடித்தேன். ஆசை தீர அவன் முகத்தைப் பார்த்தேன்.

“வுட்டு ரெண்டு மாசம் ஆவுது,” என்றேன்.

“எத்த வுட்டு?”

“பொகைய. மூணு நாள் தாங்க மாட்ட, கால்ல வந்து விழுவன்னியே. அம்மன் கண்ணடிச்ச அன்னிக்கி. ஜெனரேட்டராண்ட.”

“நானா?” அவன் உண்மையிலேயே யோசித்தான். “கால்ல விழுவன்னா? நான் எப்படா சொன்னேன்? கூட்டத்துல கேவலமா பேசுனது ஞாபகம் இருக்குது. அதுக்குத்தான்டா ரெண்டு மாசமா மனசு கெட்டுக் கெடக்கறேன். காமாலை வந்து கண்ணு மஞ்சளா கீறவன் எப்டிடா தகட்ட ஒழுங்கா அடிப்பான்? ஒடம்பு முடியாதவனப் போயி ஊர் முன்னாடி அசிங்கமா பேசிட்டமேன்னு... தப்புதான்டா. மன்னிச்சிக்கோ. கலா ஆஸ்பத்திரிக்கும் வராதன்னுச்சி, வூட்டுக்கு வந்தாலும் உள்ள வுடல. அதான் தெனம் காத்தால ஏரிக்கரைக்குப் போயி இத்த மட்டும் பறிச்சி குடுத்துனு இருந்தேன்.”

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். வேரில் ஈரமண்ணோடு கீழாநெல்லி.

நான் கலாவைப் பார்த்தேன். அவள் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வாசல்ல வந்து நின்னா நான் இன்னா சொல்லட்டும்? காமாலைன்னு சொன்னேன். மறுநாளே பறிச்சினு வந்துட்டாரு. தூக்கியா எறிய முடியும்?” என்றாள், என் பக்கம் திரும்பாமலேயே.

அவனுக்காக ஒவ்வொரு வேளையும் தாங்கினேன், அவனுக்கோ நான் எதையும் விட்டதே தெரியாது. குடித்த கசப்பெல்லாம் அவன் கொடுத்தது. அவன் குடும்பத்துக்காகக் கையெடுத்து வேறு கும்பிட்டிருக்கிறேன். மன்னிப்பு கேட்டதற்காகவே அவன் சட்டையைப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது.

ஜெகன் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தங்கப்பல் தெரிய லேசாக வாயைத் திறந்திருந்தான். பிறகு தொழில்காரன் குரலில், “தனா, மீசைல எடது பக்கம் ரெண்டு பல்பு எரியல பாரு,” என்றான்.

பார்த்தேன். எரியவில்லை.

சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியைச் சாரத்தில் சாய்த்தேன். நான் கேட்காமலேயே அவன் வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஏறினேன். ஐந்தாறு படி ஏறியதும் கீழேயிருந்து அவன் சட்டையின் வாசனை வந்தது. அப்போதுதான் ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கிறான். நாக்கின் அடியில் நீர் ஊறியது. கோபம் என்று எதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நாள் நின்றேனோ அது காலடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா கேட்ட கேள்வி அந்த ஏணியில்தான் எனக்கு உறைத்தது. இறங்கிப் போய் அவனோடு ஷெட்டில் உட்கார்ந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஊரைப் பொறுத்தவரை எனக்குக் காமாலைதானே வந்தது?

கண்ணை மூடி நாலு தரம் மூச்சு விட்டேன். அசுரனின் மீசையைப் பிடித்துக்கொண்டு, செத்த பல்புகளைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து புதிது இரண்டை எடுத்து மாட்டினேன். ஒரு வயர் கழன்றிருந்தது. துளைக்குள் விட்டேன். முதல் தடவையிலேயே போனது. கையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று இதைப் படிக்கிற யாரும் நினைக்க வேண்டாம். கலாவின் தோட்டுக்கும், பத்துக் கிலோவுக்கும், ‘கீரை மாதிரி’ என்ற அந்தப் பேச்சுக்கும் இன்னும் கோபம் இருக்கிறது. கீழாநெல்லிக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை, இரண்டு வருஷமாக நான் தொடவில்லை. அவன் இன்னும் விடவில்லை. விட்டால் இந்தக் காகிதத்தைக் கொடுப்பேன்.

அன்றைக்குக் கீழே இறங்கிச் சுவிட்சைப் போட்டேன். மீசை முழுசாக எரிந்தது. ஈட்டி நேராக வந்து நெஞ்சில் இறங்கியது.

“இப்ப சரியா கீது,” என்றான் ஜெகன், ஏணியை விடாமல்.